குறுக்குக்குள் ஒரு முத்து

எங்கள் பக்கத்தில் முதுகுவலி என்று யாரும் சொல்வதில்லை. குறுக்கு வலி என்பார்கள். "குறுக்கு பிடிச்சுக்கிட்டு", "குறுக்கு ஒடிஞ்சு போச்சு" என்ற பேச்சு காதில் விழாமல் தூத்துக்குடியில் ஒரு நாள் கழியாது. மூட்டை சுமக்கும் துறைமுகம், உப்பு வாரும் அளம், வலை இழுக்கும் கரை என்று இந்த ஊரே குறுக்கை நம்பிப் பிழைக்கிற ஊர்.

எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் இளவயதில் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றியவர். பிறகு உப்பளத்துக்குப் போனார். பொழுது விடியுமுன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சென்ற ஆண்டு ஒரு மாலையில் ஸ்கேன் உறையோடு வீட்டுக்கு வந்து நின்றார். உட்காரவில்லை, உட்கார முடியவில்லை. புட்டத்தில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரைக்கும் சுண்டி இழுக்கிறதாம். தாளில், இடுப்பின் நான்காவது ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுவதாக எழுதியிருந்தது.

"தம்பி, மூட்டு மாத்துற மாதிரி ஜவ்வையும் மாத்திரலாமாம்லா? சின்ன ஓட்டை போட்டே முடிச்சிருவாங்களாம். படத்துல பாத்தேன்" என்றார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் இரண்டு. அசைவைக் காப்பாற்றும் செயற்கை ஜவ்வு ஒன்று. சிறு துளை வழியே செய்யும் அறுவை சிகிச்சை இன்னொன்று. பெரும்பாலும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மக்கள் முன் வைக்கிறார்கள். பிரித்துப் பார்க்கவே எனக்குப் பல நாள் படிப்பு தேவைப்பட்டது.

ஜவ்வு என்றால் மெல்லிய தோல் என்று தோன்றும். அது உண்மையில் ஒரு சிறு மெத்தை. கழுத்தின் இரண்டாம் எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பின் அடி வரை இத்தகைய மெத்தைகள் 23 இருக்கின்றன. முதுகுத்தண்டின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு இவைதான். ஒவ்வொன்றின் நடுவிலும் கொழகொழவென்று ஒரு கரு. அதில் அக்ரிகன் என்ற மிகப் பெரிய மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. அவை எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் சோடியம் அயனிகளைத் தங்களிடம் பிடித்து வைக்கின்றன. சோடியம் கூடிய இடத்துக்குத் தண்ணீர் தானாக வந்து சேரும். மீனில் உப்பை அப்பினால் தண்ணீர் வெளியே வருவதும் இதே விதியால்தான். கருவாடு போடுகிற ஊரில் இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை. இளம் வயதில் கருவின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உடம்பின் பாரத்தைத் தாங்குவது இந்த உப்புத் தண்ணீரின் வீக்கம்தான்.

பகலில் நின்று, நடந்து, சுமக்கும்போது தண்ணீரில் ஒரு பகுதி பிழியப்பட்டு வெளியேறுகிறது. இரவு படுத்ததும் திரும்ப ஊறுகிறது. காலையில் எழும்போது நாம் மாலையில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். கடல் ஏறி இறங்குவது போல ஒவ்வொரு முதுகுக்குள்ளும் தினம் ஒரு ஏற்றவற்றம் நடக்கிறது.

கருவைச் சுற்றி நார் வளையம். வெங்காயம் போல 15 முதல் 25 அடுக்குகள். ஓர் அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாயும். இந்த அமைப்பு எந்தத் திசையில் வளைந்தாலும் தாங்கும். ஆனால் உடம்பை முறுக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்த அடுக்குகள் மட்டும் இறுகி, மற்றவை தொய்ந்துவிடுகின்றன. பாதி ஆட்கள் கையை விட்டுவிட்ட தேர்வடம் மாதிரி. மூட்டையைத் தூக்கிக்கொண்டே திரும்பி வண்டியில் போடும் அந்த ஒரு அசைவு ஏன் இத்தனை குறுக்குகளைப் பிடித்துவிடுகிறது என்பதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிக் காரணம் அழுத்தம். 1960களில் சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதர்களின் ஜவ்வுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கேயும் சகாக்களும் ஒரு தன்னார்வலரின் இடுப்பு ஜவ்வில் சிறு உணரியை வைத்து ஒரு முழுநாள் வேலைகளையும் அளந்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கும்போது 2.3.

இந்த எண்களை எங்கள் கடற்கரை அளவையில் சொல்லிப் பார்க்கிறேன். கடலில் 10 மீட்டர் இறங்கினால் 0.1 மெகாபாஸ்கல் அழுத்தம் கூடும். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், காலடியில் கல்லைக் கட்டிக்கொண்டு 20 மீட்டர் ஆழத்துக்குப் போன குளியாளி மீது கடல் கூடுதலாக வைத்தது 0.2 மெகாபாஸ்கல். கரையில் குனிந்து 20 கிலோ பெட்டியைத் தூக்குகிறவரின் ஜவ்வுக்குள் இருப்பது 230 மீட்டர் ஆழத்துக் கடலின் அழுத்தம். எந்தக் குளியாளியும் போகாத ஆழம் அது. பாரம் முன்னால் தள்ளி இருக்கும்போது, முதுகெலும்பை ஒட்டிய தசைகள் மிகக் குட்டையான நெம்புகோலை வைத்துக்கொண்டு அதை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தசைகளின் இழுவை முழுவதும் ஜவ்வின் மேல்தான் விழுகிறது. அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது வில்கே கண்ட அளவு 1.1. பாதிக்கும் கீழ்.

இப்படி நசுங்குகிற ஓர் உறுப்புக்கு ரத்தக்குழாய் இல்லை என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நம் உடம்பில் ரத்தக்குழாயே இல்லாமல் வாழும் மிகப் பெரிய திசு வளர்ந்த மனிதரின் ஜவ்வுதான். அப்படியானால் அதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது? இதற்கான தெளிவான படம் தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது. கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும், ரத்தத்தில் சாயமருந்தைச் செலுத்தி, ஒரே ஆளை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குள் சில நிமிடங்களில் வந்துவிடும் சாயம், எலும்புக்கும் ஜவ்வுக்கும் இடையிலுள்ள மெல்லிய குருத்துத் தகட்டின் வழியே கசிந்து கருவின் நடுவை அடையப் பல மணி நேரம் ஆனது. தகடு கெட்ட இடங்களில் இந்தக் கசிவின் ஒழுங்கே மாறிப்போயிருந்தது. இந்த ஆய்வுக்கு 2004-ல் சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் பரிசு கிடைத்தது.

அதே குழு 2013-ல் இன்னொரு முறை அந்தப் பரிசைப் பெற்றது. இந்த முறை அவர்கள் கேட்டது, ஜவ்வு எந்த இடத்தில் கிழிகிறது என்று. நார் வளையம் நடுவில் பஞ்சராகிக் கரு வெளியே வருகிறது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு வந்த 181 பேரைப் பார்த்ததில் ஏறக்குறைய 65 சதவீதத்தினருக்கு, ஜவ்வு எலும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் விளிம்பு பிய்ந்திருந்தது. டியூப் வெடிப்பதைவிட, டயர் ரிம்மை விட்டுக் கழல்வதே அதிகம் என்று சொல்லலாம். சோறு வரும் வாசலும் அந்தத் தகடுதான், பிய்ந்து போகும் இடமும் அதுதான். ஜவ்வைப் பழுது பார்க்க நினைக்கும் எவரும் இனி இந்த விளிம்பைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

பழுதானதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது பற்றிப் பேச, தூத்துக்குடியில் ஒரு நல்ல தொடக்கப்புள்ளி இருக்கிறது. 1961-க்குப் பிறகு எங்கள் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1973-ல், ஊருக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி முத்துச்சிப்பியின் உடம்பைச் சிறிதாகக் கீறி, உருண்டையான ஒரு கருவையும் வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் உள்ளே வைத்து, உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். உயிருள்ள உடம்புக்குள் அந்நியமான ஓர் உருண்டையை வைப்பதும், உடம்பு அதை ஏற்கிறதா துப்புகிறதா என்று காத்திருப்பதும்தான் அந்த வேலை. எல்லாச் சிப்பியும் ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்ட சிப்பி அடுக்கடுக்காக முத்துப்பூச்சு பூசி அதைத் தன்னுடையதாக்கிக் கொள்கிறது.

சுவீடனின் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ராம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஏறக்குறைய இதையே மனிதரிடம் செய்து பார்த்திருந்தார். கெட்ட கருவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றை வைத்தார். தன் அனுபவத்தை 1966-ல் வெளியிட்டார். யோசனை எளிமையானது: குண்டின் மேல் எலும்பு உருளும், அசைவு தப்பிக்கும். ஆனால் நம் எலும்பு சிப்பியைப் போல எதையும் பூசி ஏற்றுக்கொள்வதில்லை. குண்டு தொடுவது ஒரு சிறு புள்ளியில். முள்ளெலும்பின் உட்புறமோ பஞ்சு மாதிரி துளைகள் கொண்டது. மணலில் ஏணி நிறுத்தும்போது காலுக்கடியில் பலகை போடாவிட்டால் என்ன ஆகும்? பலருக்குக் குண்டு எலும்புக்குள் இறங்கிவிட்டது. அந்த முறை கைவிடப்பட்டது.

பலகையைப் போட்டவர் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. கிழக்கு ஜெர்மனியின் கரின் யான்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். பிறகு மருத்துவம் படித்து, கரின் பூட்னர்-யான்ஸ் என்ற பெயரில் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் எலும்பு மருத்துவரானார். சகா குர்ட் ஷெல்நாக்குடன் சேர்ந்து அவர் வடிவமைத்த செயற்கை ஜவ்வு 1984-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குள் வைக்கப்பட்டது. எலும்போடு ஒட்ட மேலே ஓர் உலோகத் தகடு, கீழே ஒன்று, நடுவில் வழுக்கும் பாலிஎத்திலீன் வில்லை. முதல் வடிவத்தின் தகடுகள் சிறியவை, அவையும் எலும்பில் புதைந்தன. தகட்டை அகலமாக்கி மூன்றாம் வடிவம் 1987-ல் வந்தது. முதுகை வில்லாக வளைத்துப் பதக்கம் வாங்கியவர், பிறர் முதுகு வளைய வேண்டும் என்று இத்தனை பாடுபட்டார் என்பதைப் படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

பிரான்சின் தியெரி மார்னே இன்னொரு வழியில் போனார். அவருடைய புரோடிஸ்க்கில் கீழ்த்தகட்டோடு பொருந்திய பாலிஎத்திலீன் குமிழ் மேல்தகட்டின் குழிவுக்குள் அசைகிறது. ஆட்டுக்கல்லையும் குழவியையும் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற பொருத்தம். 1990-ல் வைக்கத் தொடங்கிச் சிலருக்குச் செய்தபின் அவர் நிறுத்திக்கொண்டார். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகுதான் மேலே போனார். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஷாரிட்டே ஜவ்வுக்கு 2004-லும், இடுப்புக்கான புரோடிஸ்க்குக்கு 2006-லும், கழுத்து ஜவ்வுகளுக்கு 2007 முதலும் அனுமதி கொடுத்தது. ஷாரிட்டே இன்று சந்தையில் இல்லை.

ஜவ்வு கெட்டால் இரண்டு எலும்புகளையும் ஒன்றாக ஒட்டவைத்து விடுவது பழைய வழி. வலி குறையும், அந்த இடம் அசையாது. அப்போது பக்கத்து ஜவ்வுகளின் வேலை கூடுகிறது. கழுத்தில் இப்படி எலும்பை ஒட்டவைத்தவர்களைத் தொடர்ந்து பார்த்து ஹிலிப்ராண்ட் குழு 1999-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து இடத்தில் புதிதாகத் தொல்லை வந்தது. பத்தாண்டில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு வரும் என்பது அவர்களின் மதிப்பீடு. இதில் எத்தனை ஒட்டியதால் வந்தது, எத்தனை வயதால் வந்தது என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. செயற்கை ஜவ்வு பிறந்தது இந்தக் கவலையிலிருந்துதான்.

கழுத்தில் அது நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் சில சென்டிமீட்டர் கீறி, ரத்தக்குழாயை ஒரு பக்கமும் மூச்சுக்குழாயை மறுபக்கமும் ஒதுக்கி உள்ளே போகலாம். சோதனைகளில், தகுந்தபடி தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு எலும்பை ஒட்டுவதற்கு இணையாகவோ மேலாகவோ பலன் தந்தது. மறுபடி அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களும் குறைவு. இடுப்பில் நிலைமை வேறு. அங்கே செயற்கை ஜவ்வை முதுகு வழியாக வைக்க முடியாது. தகடு அகலமானது, பின்னால் நரம்புகள் குறுக்கே நிற்கின்றன. ஆகவே வயிற்றின் முன்பக்கம் திறந்து, உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கித்தான் போக வேண்டும். அண்ணாச்சி படத்தில் பார்த்த சின்ன ஓட்டைக்குள் இந்தப் பொருள் நுழையாது.

அந்தச் சின்ன ஓட்டையின் கதை தனி. அதில் பப்பாளிக்கு ஒரு பங்கு உண்டு. கறி வேக பப்பாளிக்காய் போடுவோம், அதன் பால் புரதத்தைக் கரைக்கும். அந்தப் பாலிலிருந்து எடுத்த கைமோபப்பெயின் என்ற நொதியை ஊசி வழியே ஜவ்வுக்குள் செலுத்திக் கருவைக் கரைத்துவிடலாம் என்று அமெரிக்காவின் லைமன் ஸ்மித் 1964-ல் எழுதினார். 1982-ல் அனுமதியும் கிடைத்தது. சிலருக்குக் கடும் ஒவ்வாமையும், அரிதாகத் தண்டுவடப் பாதிப்பும் வந்ததால் மெல்ல வழக்கொழிந்தது. இதற்கிடையே மைக்ராஸ்கோப் வந்தது. 1997-ல் ஃபோலியும் வேறொரு ஸ்மித்தும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான குழாயைத் தசைக்குள் செலுத்தி, அதன் வழியே பிதுங்கிய துண்டை எடுத்துக் காட்டினார்கள். இன்று பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துளை வழியே எண்டாஸ்கோப் போகிறது. சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுகிறார்கள். இதில் பெரிய லாபம் தோலில் தழும்பு சிறிதாக இருப்பதில் இல்லை. முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளை எலும்பிலிருந்து உரித்தெடுக்காமல், நாருக்கு நடுவே விலக்கிவிட்டுப் போவதில்தான் இருக்கிறது. தூக்கிச் சுமப்பவனுக்கு அந்தத் தசைதான் சொத்து.

இதையெல்லாம் அண்ணாச்சிக்குச் சொன்னபோது என்னை உறுத்தியது ஒன்று உண்டு. செயற்கை ஜவ்வு யாருக்குப் பொருந்தும் என்று எழுதிவைத்த விதிகளைப் பார்த்தால், எலும்பு உறுதியாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு ஜவ்வு மட்டுமே கெட்டிருக்க வேண்டும். பின்பக்கமுள்ள சிறு மூட்டுகள் தேயாமல் இருக்க வேண்டும். முப்பது நாற்பது வருஷம் சுமந்தவருக்கு இந்த மூன்றும் ஒருசேர வாய்ப்பது அரிது. தலையில் உப்புச்சட்டி சுமந்தே நடந்த பெண்களின் கழுத்திலும் அப்படித்தான். உலகத்தில் யாருடைய ஜவ்வு அதிகம் நசுங்குகிறதோ அவர்களை விட்டு விலகித்தான் இந்தக் கண்டுபிடிப்பு நிற்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு வயது வந்த ஆண் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 1967-ல் பரிந்துரைத்தது. யூரியா மூட்டையை அரசு 50 கிலோவிலிருந்து 45 ஆக்கியது 2018-ல். அந்த முடிவு உரச் சிக்கனத்துக்காக எடுத்தது. ஆனாலும் அந்த 5 கிலோ குறைவால் எத்தனை ஜவ்வுகள் பிழைத்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஸ்கேன் தாளும் தனியாக எதையும் தீர்ப்பதில்லை. வலியே இல்லாதவர்களை எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு பிதுக்கம் தெரிந்தது. தலைமுடி நரைப்பது போல அது வயதின் அடையாளமாகவும் இருக்கலாம். காலுக்கு இறங்கும் வலியோடு வந்தவர்களில் உடனே அறுவை செய்தவர்களையும் காத்திருந்தவர்களையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டார்கள். 2007-ல் வந்த முடிவு: அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் சிலர் பொறுக்க முடியாமல் இடையில் அறுவைக்குப் போனதும் உண்மை. பிதுங்கி விழுந்த துண்டை உடம்பின் காவல் அணுக்களே பெரும்பாலும் தின்று கரைத்துவிடுகின்றன.

காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலும், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலும், கால் பாதம் தூக்க முடியாமல் துவண்டு போனாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மணி நேரங்கள்தான் கணக்கு.

அண்ணாச்சிக்கு இவை எதுவும் இல்லை. நான் மருத்துவன் இல்லை, அதனால் அவரோடு மருத்துவரிடம் போனேன். மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரல் பலத்தைச் சோதித்தார், மாத்திரை எழுதிப் பொறுத்திருக்கச் சொன்னார். பத்தாவது வாரத்தில் கால் வலி முழங்காலுக்கு மேலே ஏறி, பிறகு குறுக்கோடு நின்றது.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் மிகப் பொறுமையானவர். இரவெல்லாம் தண்ணீர் ஊறி ஜவ்வு விறைத்திருக்கும் நேரத்தில் குனிந்தால் நார்களின் மேல் இழுவை அதிகம் என்பதைக் கையால் காட்டி விளக்கினார். விடிகாலையில் குனிவதைத் தவிர்க்கச் சொன்னதாலேயே நாள்பட்ட குறுக்கு வலி குறைந்தது என்று 1998-ல் ஓர் ஆய்வு வந்திருப்பதையும் சொன்னார். "தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் குனிஞ்சு எதையும் வாராதீங்க, தூக்காதீங்க. அது போதும்" என்றார்.

அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "வெயில் ஏறிட்டா அளத்துல நிக்க முடியாதும்மா" என்றார். "அந்த நேரத்துலதான் எங்களுக்கு வேலையே."